லெஜண்டரியில் சலிப்பு, எல்டன் ரிங்கில் பிடிவாதம்: வாள் சண்டையின் கடினம் எங்கே இருக்கிறது?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கைரிம் கேமை அதன் மிகக் கடினமான நிலையான லெஜண்டரியில் வைத்து வாளும் கேடயமுமாக ஆடிப் பார்த்திருக்கிறீர்கள், பத்து மணி நேரத்தில் சலித்துவிட்டது. ஆனால் எல்டன் ரிங்கில் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் நாற்பது தடவைக்கு மேல் செத்த பிறகும், ராத்திரி ஒரு மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டும் கடினமான கேம்தானே, ஒன்று ஏன் கூலி வேலை மாதிரியும் இன்னொன்று விளையாட்டு மாதிரியும் இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், ‘எனக்கு 41 வயது, கை வேகம் போய்விட்டதோ’ என்று ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்வியைத் தாண்டாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

நான் பன்னிரண்டு வருஷமாக கேம்களுக்குச் சண்டை அனிமேஷன் செய்கிறவன். எதிரி கையை ஓங்க எத்தனை ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒற்றைப் படம்), அடி படுவது எத்தனை ஃபிரேம், அடித்த பிறகு நிமிர எத்தனை ஃபிரேம் என்று எண்ணுவதுதான் என் அன்றாட வேலை. ஆன்லைனில் ஆளோடு ஆள் மோதும் சண்டை என் துறை இல்லை. அங்கே நெட்வொர்க் தாமதம் கணக்கையே மாற்றிவிடும். அதனால் இங்கே சொல்வதையெல்லாம், தனியாக உட்கார்ந்து கேம் இயக்கும் எதிரியோடு மோதும் சண்டைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கைரிமில் நடப்பது முழுக்க முழுக்கப் பெருக்கல் கணக்கு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. 2011 நவம்பரில் வந்தபோது நாவிஸ் முதல் மாஸ்டர் வரை ஐந்து கடின நிலைகள் இருந்தன; 2013-இல் 1.9 பேட்ச்சோடு லெஜண்டரி சேர்ந்தது. நடு நிலையான அடெப்ட்டில் நீங்கள் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளது உள்ளபடி. மாஸ்டரில் உங்கள் அடி பாதி, எதிரியின் அடி இரண்டு மடங்கு. லெஜண்டரியில் உங்கள் அடி கால் பங்கு, எதிரியின் அடி மூன்று மடங்கு. கவசத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 100 ஹெல்த் (உயிர்ப்புள்ளி) உள்ள ஒரு கொள்ளைக்காரனை 20 டேமேஜ் (அடியின் பலம்) உள்ள வாளால் அடெப்ட்டில் ஐந்து வெட்டில் சாய்த்துவிடலாம். லெஜண்டரியில் அதே ஆளுக்கு இருபது வெட்டு வேண்டும். அந்த இருபது வெட்டு முடிவதற்குள் அவன் புதிதாக ஏதாவது செய்கிறானா என்றால், இல்லை. அதே ஓங்கல், அதே வேகம், அதே தள்ளாட்டம். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் முதல் ஐந்து வெட்டுக்குள் தெரிந்துவிடுகிறது. மிச்சப் பதினைந்தும் வெறும் உழைப்பு. உங்களுக்குச் சலித்ததில் ஆச்சரியமே இல்லை.

இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லோருடைய அடியையும் நான்கால் வகுத்தால், வேறு வழியில் பெருக்கிக்கொள்ளத் தெரிந்தவர் மட்டும் தப்பிக்கிறார். அசாசின்ஸ் பிளேட் என்ற பெர்க்கை (சிறப்புத் திறனை) எடுத்துக் குத்துவாளால் பதுங்கிக் குத்துகிறவருக்கு 15 மடங்கு டேமேஜ். நான்கால் வகுத்தாலும் அவருக்கு நஷ்டம் தெரியாது. பட்டறையில் ஆயுதத்தைத் தீட்டி, மந்திரம் ஏற்றி, அதற்கு மேல் மருந்தும் குடித்துக் கணக்கை ஏற்றிக்கொள்கிறவரும் பிழைத்துக்கொள்வார். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கிறவருக்குப் பெருக்கிக்கொள்ள அவ்வளவு எதுவும் இல்லை. இதனால்தான் அந்தக் கேமை எந்த எண்ணத்தோடு ஆரம்பித்தாலும் பலரும் கடைசியில் இருட்டில் பதுங்கி வில் பிடிப்பதில் போய் முடிகிறார்கள். நிலையை ஏற்றினால் சண்டை கடினமாகும் என்று நினைத்தீர்கள். உண்மையில் நடந்தது, நீங்கள் ஆட விரும்பிய ஆட்டத்தைக் கேம் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

சரி, மார்கிட் பக்கம் வருவோம். வாள்வீச்சு ஒன்றை நாங்கள் மூன்று துண்டாகப் பார்ப்போம்: ஓங்குவது, படுவது, மீள்வது. 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அடி நிஜமாகப் படும் நேரம் அதில் சில ஃபிரேம்தான். மற்றதெல்லாம் முன்னும் பின்னும். ஓங்கும் நேரம் எதிராளிக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. மீளும் நேரம் வீசியவன் கொடுக்கும் விலை. 2009-இல் டீமன்ஸ் சோல்ஸும், 2011-இல் டார்க் சோல்ஸும் செய்த பெரிய காரியம், இந்த விலையை ஆடுகிறவர் தலையிலும் கட்டியதுதான். பட்டனை அழுத்திவிட்டால் அழுத்தியதுதான். வாள் போய்த் திரும்பும்வரை நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர். பெரிய இருகை வாளை வீசிவிட்டு எதிரி அசைவதைப் பார்த்து மனம் மாற முடியாது. வெட்டுவது, உருண்டு விலகுவது, கேடயத்தில் தாங்குவது மூன்றுக்கும் திரையில் பச்சைக் கோடாகத் தெரியும் ஸ்டாமினா (தெம்பு) ஒரே உண்டியல். அதைக் காலி செய்தால் அடுத்த நொடியில் தப்பிக்கக் காசு இல்லை. கேடயத்தை உயர்த்திப் பிடித்தபடியே நின்றால் உண்டியல் நிரம்புவதும் மெதுவாகிவிடும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் ‘இதற்கு எனக்கு நேரம் இருக்கிறதா’ என்று நீங்கள் கேட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஸ்கைரிமில் அந்தக் கேள்வி எழுவதே அரிது.

இதே மூன்று துண்டு ஸ்கைரிம் கொள்ளைக்காரனுக்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அவனுடைய ஓங்கலைப் படித்து உங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது, படிக்காவிட்டால் பெரிய நஷ்டமும் கிடையாது. கேமை நிறுத்தி மெனுவைத் திறந்து, பையில் இருக்கும் மருந்துகளை அப்படியே வரிசையாகக் குடிக்கலாம். எல்டன் ரிங்கில் மருந்துக் குடுவையை வாய்க்குக் கொண்டுபோவதும் ஓர் அசைவு. அதற்கும் ஓங்கல் உண்டு, மீட்சி உண்டு. குடிக்கும்போது அடி வாங்கினால் அது உங்கள் கணக்கு.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் கல் தடி வைத்திருக்கும் ஒரு பூதத்துக்கு அனிமேஷன் செய்தேன். தலைக்கு மேலே தடியைத் தூக்கி ஒரே அடி. ஓங்கும் நேரம் தாராளமாகவே வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள். சாவது பிரச்சினை இல்லை. எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: ‘சீட்டிங்’. கூட்டத்தில் முதல் யோசனை டேமேஜைக் குறைப்பது. எனக்கு ஒப்பவில்லை. பதிவு செய்த வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தோம். ஆடுகிறவர் பூதத்தின் காலடியில் நிற்கிறார். கேமரா லாக்-ஆனில் (ஒரே எதிரியை விடாமல் பின்தொடரும் முறையில்) அதன் மார்பைப் பார்க்கிறது. தடி மேலே போகும்போது திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடுகிறது. நான் கொடுத்த எச்சரிக்கை முழுவதும் திரைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது சும்மா நிற்கும் ஒரு வயிறு, அப்புறம் சாவு.

தடியை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து ஓங்கும்படி மாற்றினேன். தோள் தாழ்கிறது, பின்னங்கால் தரையில் ஊன்றுகிறது, அதற்கு ஒரு தூசியும் ஒரு சத்தமும். நேரத்தில் ஒரு ஃபிரேம்கூடக் கூட்டவில்லை, டேமேஜைத் தொடவே இல்லை. இன்னொரு தப்பும் அப்போது கண்ணில் பட்டது. ஓங்கிய பிறகும் பூதம் ஆடுகிறவர் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது; சரியாக விலகியவரையும் அது தேடிப்போய் அடித்தது. தடி கீழே இறங்க ஆரம்பிக்கும் ஃபிரேமில் திரும்புவதை நிறுத்தினோம். அடுத்த வாரம் வந்தவர்களும் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவுக்கு. ஆனால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பையன் சொன்னது, ‘தெரிஞ்சுது சார், நான்தான் பேராசைப்பட்டு இன்னொரு அடி அடிச்சேன்.’ அன்று நான் வீட்டுக்குப் போன மகிழ்ச்சியை இப்போதும் மறக்கவில்லை. பூதத்தின் பலம் துளியும் குறையவில்லை, அது பேசும் மொழி மட்டும் புரிய ஆரம்பித்தது.

மார்கிட்டை நீங்கள் விட முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சாவிலும் உங்களுக்கு ஒரு துண்டுத் தகவல் கிடைக்கிறது. தடியை இப்படித் தூக்கினால் இவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பான்; வாலை வீசினால் இன்னொன்றும் கூடவே வரும். நாற்பதாவது தடவை உள்ளே போகும் ஆள் முதல் தடவை போன ஆள் இல்லை. லெஜண்டரிக் கொள்ளைக்காரனோடு நாற்பது தடவை மோதினாலும் நீங்கள் அதே ஆள்தான், வாளின் எண் மட்டும் கூடியிருக்கும்.

இப்போது உங்கள் வயது. கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைய மனிதருக்குச் சராசரியாகக் கால் நொடி ஆகும், நல்ல சுறுசுறுப்பானவருக்கு 0.2 நொடி. இருபது வயதுக்கும் நாற்பதுக்கும் இடையே இது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அந்தக் கூடுதல் ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் கணக்கில் சொல்லக்கூடிய அளவு. மார்கிட் தடியை ஓங்கி நிறுத்தி வைத்திருக்கும் நேரம் கால் நொடியைவிட எவ்வளவோ நீளம். அதோடு, எல்டன் ரிங்கில் நடு எடையோடு உருளும்போது உங்கள் மேல் அடியே படாத நேரம் ஏறக்குறைய 0.4 நொடி. அதாவது, எச்சரிக்கையும் பெரியது, தப்பிக்கும் சன்னலும் பெரியது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், கை மெதுவாக இருந்ததால் நீங்கள் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முந்திக்கொண்டதால் செத்திருக்கிறீர்கள். அவன் கையைத் தூக்கியதுமே உருண்டுவிட்டீர்கள். உருண்டு எழுந்து நிற்கும் இடத்தில் அடி நிதானமாக வந்து இறங்குகிறது.

நிஜமாகவே நேரம் எடுப்பது விரல் இல்லை, முடிவு. ஒரு எச்சரிக்கைக்கு ஒரே பதில் என்றால் மூளை சட்டென்று செய்துவிடும். இந்த ஓங்கல் நாலு வெவ்வேறு அடியாக மாறலாம் என்றால் அதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, கால் நொடி போதாது. மார்கிட் கடினமாக இருப்பது அவன் வேகத்தால் இல்லை. ஒரே தொடக்கம் பல முடிவுக்குக் கிளை பிரிவதால். இதற்கு மருந்து இளமை இல்லை, பழக்கம். நான்கு கிளையும் தெரிந்த பிறகு நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறீர்கள். தெரிந்த ஒருவரைத் தெருவில் நடையை வைத்தே கண்டுகொள்வது போல.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேல் சொல்வது என் கணிப்பு. பழைய சோல்ஸ் கேம்களை ஆடியவர்களின் விரல்களில் ‘ஓங்கினால் உருள்’ என்ற பழக்கம் ஊறிவிட்டது. எல்டன் ரிங்கில் தாமதித்து அடிக்கும் எதிரிகள் இத்தனை பேர் இருப்பது அந்தப் பழக்கத்தை உடைப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் அது நியாயமாகவே இருக்கிறது, ஏனென்றால் நிறுத்தி வைத்த தடி கண்ணுக்குத் தெரிகிறது, இறங்கும்போதும் தெரிகிறது. பின்னால் வரும் பாஸ்கள் (பெரிய எதிரிகள்) சிலரிடம் கேமை உருவாக்கியவர்கள் எல்லை மீறிவிட்டார்கள் என்பது என் கருத்து. மலேனியா என்ற பாஸின் அந்தத் தொடர்வெட்டு நடனத்தைப் பக்கத்தில் நின்று முதல் தடவை சந்திக்கும் ஒருவரால் பார்த்துப் புரிந்துகொண்டு தப்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விலகும் வழிகளை ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒருவர் கண்டுபிடித்ததைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். சண்டைக்குள்ளேயே கற்றுக்கொடுப்பது வேறு, வெளியே போய்க் கற்றுவரச் சொல்வது வேறு. இதில் என்னோடு முரண்படுகிற நல்ல டிசைனர்கள் இருக்கிறார்கள்.

‘நான் பட்டனை அழுத்துவதைப் பார்த்துத்தான் எதிரி அடிக்கிறான்’ என்ற குற்றச்சாட்டையும் அடிக்கடி கேட்கிறேன். நீங்கள் குடுவையைத் தூக்கியதும் நெருப்பையோ கத்தியையோ வீசும் எதிரிகள் அந்தக் கேமில் இருக்கிறார்கள் என்பது சரி. ஆடுகிறவரின் செயலைக் கவனித்து எதிரி பதில் செய்வது அப்படியே ஏமாற்று ஆகிவிடாது. மனித எதிராளியும் நீங்கள் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் பாயத்தானே செய்வான். எனக்கு இருக்கும் ஒரே அளவுகோல், அவன் பாய முடியாத ஓர் இடைவெளி இருக்கிறதா என்பது. பெரிய அடி ஒன்றை வீசிவிட்டு அவன் மீண்டுகொண்டிருக்கும்போது குடித்தால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. அந்த இடைவெளி இருக்கும்வரை எனக்குப் புகாரில்லை.

எண் என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. இது ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்து ஆடும் கேம் வகை), பாத்திரம் வளர்வதை எண்ணில் காட்டுவது இதன் பிறவிக் குணம். 2002-இல் வந்த மாரோவிண்டில் வாள் எதிரியின் உடம்பை ஊடுருவிப் போவது கண்ணுக்குத் தெரியும், ஆனாலும் ‘படவில்லை’ என்று கேம் சொல்லும். உள்ளே பகடை உருள்கிறது. வெட்டு படும் வாய்ப்பின் கணக்கு இது: ஆயுதத் திறன், அதோடு அஜிலிட்டியில் (சுறுசுறுப்பில்) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டத்தில்) பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையைக் களைப்பு பெருக்கும். தெம்பு முழுசாக இருந்தால் 1.25, முற்றிலும் தீர்ந்துவிட்டால் 0.75. திறன் 30, மற்ற இரண்டும் 40 என்றால் கூட்டுத்தொகை 42. தெம்போடு நின்று வெட்டினால் 52 சதவீதத்துக்குச் சற்று மேல், மூச்சு வாங்கிக்கொண்டு வெட்டினால் 31 சதவீதத்துக்குச் சற்று மேல். எதிரி விலகும் திறன் இதிலிருந்தும் கழியும். அந்தக் கேமில் ஓடினாலே தெம்பு கரையும். புதிதாக வந்தவர் எதிரியைப் பார்த்ததும் ஓடிப்போய் வெட்டுவார், பத்தில் எட்டு தவறும், கேமே உடைந்திருக்கிறது என்று மூடிவிடுவார். கணக்கு தப்பில்லை. நடந்து போ, மூச்சைச் சேர்த்துக்கொண்டு வெட்டு என்று நல்ல பாடம்தான் அது சொல்கிறது. ஆனால் என் பூதத்தின் தடி மாதிரி அந்தப் பாடமும் திரைக்கு வெளியே நடக்கிறது.

இதையே கண்ணுக்குத் தெரியும்படி செய்தது 2001-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கோதிக். பயிற்சி இல்லாத நாயகன் ஒருகை வாளையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தடுமாறுவான். குருவிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தால் நிற்கும் நிலையே மாறும். ஒரு கையில் வாள், வீச்சும் வேகமாகக் கோத்துக்கொண்டு வரும். திறன் ஏறியதை மெனுவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். அனிமேஷன்காரனாக நான் பொறாமைப்படும் கேம் இது. அந்த உலகத்தில் எதிரிகள் உங்கள் லெவலுக்கேற்ப மாறுவதும் இல்லை. காட்டுக்குள் தப்பான பக்கம் போனால் சாவு நிச்சயம். இருபது மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வரும்போது கிடைக்கும் திருப்தி வேறு எதிலும் இல்லை. 2006-இல் வந்த ஆப்ளிவியன் இதற்கு நேர் எதிர். நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளரும். ஒரு கட்டத்தில் சாதாரண வழிப்பறிக்காரன்கூட விலை மதிப்பில்லாத கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு நிற்பான். வளர்ந்தோம் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும்.

செகிரோவையும் பிளட்போர்னையும் நீங்கள் இன்னும் தொடவில்லை என்று எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளட்போர்ன் (2015) பயந்து பின்வாங்கும் பழக்கத்தைக் குறி வைத்தது: அடி வாங்கிய உடனே திருப்பி அடித்தால் இழந்த ஹெல்த்தில் ஒரு பங்கு திரும்ப வரும். செகிரோ (2019) ஸ்டாமினாவையே எடுத்துவிட்டது. எதிரியின் நிலைகுலைவை ஏற்றி உடைக்க வேண்டும், அதற்கு அவன் வாளைச் சரியான நேரத்தில் வாளால் தட்ட வேண்டும், சும்மா பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சரியான நேரம் சுருங்கிவிடும். தாக்கும் பலம் கூடுவது முக்கியமாகப் பெரிய எதிரிகளை வீழ்த்தியதால்தான் என்பதால், லெவல் ஏற்றிக்கொண்டு வந்து சமாளிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. எல்டன் ரிங்கில் அது திறந்தே இருக்கிறது. மார்கிட் முடியவில்லையா, தெற்கே போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அந்த உலகமே சொல்கிறது. அது தோல்வி இல்லை.

ஒரே நேரத்தில் பல எதிரிகள் என்றால் கடினம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஐந்து பேர் சூழ்ந்து ஒரே நொடியில் வெட்டினால் யாராலும் படிக்க முடியாது. அதனால் பல கேம்களில் பின்னணியில் ஒரு மேலாளர் மாதிரி ஒரு நிரல் உட்கார்ந்து, இப்போது யார் தாக்கலாம் என்று முறை கொடுக்கும். 2012-இல் வந்த கிங்டம்ஸ் ஆஃப் அமலூரில் இதை அழகாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு எதிரிக்கும், அவனுடைய ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் எடை. ஆடுகிறவரைச் சுற்றி மொத்தம் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று ஒரு வரம்பு. பெரிய பூதம் பக்கத்தில் வந்தால் அதுவே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், குட்டிகள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஹெல்த்தைப் பெருக்குவதற்குப் பதில் இந்த வரம்பை ஏற்றினால் சண்டை நிஜமாகவே வேறு சண்டையாக மாறும்.

இங்கிருந்து கடின நிலைத் தேர்வு வேண்டுமா என்ற பழைய வழக்குக்கு வருகிறோம். எல்லோரும் ஒரே மலையை ஏறினால்தான் ஏறியதைப் பற்றிப் பேச முடியும் என்பது சோல்ஸ் கேம்களை உருவாக்கிய மியாசாகியின் பக்கம்; அதை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்வு வைத்தாலே டிசைன் கெட்டுவிடும் என்பதை ஏற்க மாட்டேன். எதைத் தேர்வாக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2019-இல் வந்த ஜெடை ஃபாலன் ஆர்டரில் நிலையை மாற்றினால், அடியைத் தட்டிவிடும் நேரம், வாங்கும் டேமேஜ், எதிரியின் ஆவேசம் என்று மூன்றும் மாறும். மாறுவதை மெனுவிலேயே காட்டுவார்கள். ஹேடீஸ் கேமில் காட் மோடை இயக்கினால் 20 சதவீதப் பாதுகாப்பில் தொடங்கி, ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடி, 80 வரை போகும். எதிரி அதே எதிரிதான், அதே மொழிதான் பேசுகிறான். தப்பு செய்ய உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. லைஸ் ஆஃப் பி கூட முதலில் ஒரே நிலையோடு வந்து, 2025 ஜூனில் தேர்வுகளைச் சேர்த்துக்கொண்டது. எல்டன் ரிங்கில் ஆவிகளை உதவிக்கு அழைப்பதும் என் கணக்கில் ஒரு கடின நிலைத் தேர்வுதான், உலகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

ஸ்கைரிமுக்குத் திரும்பப் போவதாக இருந்தால் அடெப்ட்டிலோ எக்ஸ்பர்ட்டிலோ வைத்து ஆடுங்கள். எக்ஸ்பர்ட்டில் உங்கள் அடி முக்கால், எதிரியின் அடி ஒன்றரை. உங்கள் கேடயத்துக்கு மதிப்பு வரும், சண்டையும் இழுக்காது.

மார்கிட்டுக்கு, இன்று ராத்திரி உட்காரும்போது இதைச் செய்து பாருங்கள். முதலில் டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிக்கள் படத்தை மெருகேற்றுவதற்காகப் பல ஃபிரேம்கள் பிடித்து வைத்துக்கொண்டுதான் காட்டும். உங்கள் வயது கூட்டும் தாமதத்தைவிட அது பெரியது. பிறகு மெனுவில் சுமையைப் பாருங்கள்: தூக்கக்கூடிய மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நடு எடை உருளல், தாண்டினால் கனத்த உருளல். நல்ல கவசம் என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு தெரியாமல் தாண்டியிருப்பவர்கள் நிறைய. மூன்றாவது, விரல். இந்தக் கேமில் ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்பதால், உருளல் நீங்கள் பட்டனை விடும்போதுதான் தொடங்கும். பதற்றத்தில் அழுத்திப் பிடிக்கிறவருக்கு உருளல் பிந்தும். பயத்தில் இரண்டு தடவை அழுத்தினால் இரண்டாவது உருளல் வரிசையில் காத்திருந்து, வேண்டாத நேரத்தில் நடக்கும். தட்டி உடனே விட்டுவிடப் பழகுங்கள், ஒரு அடிக்கு ஒரே தட்டு.

அப்புறம், முதல் ஐந்து தடவை அவனை அடிக்கவே வேண்டாம். உள்ளே போய் வாளை வீசாமல் சுற்றி வாருங்கள். தடி மேலே போகும்போது உருளாதீர்கள்; கையைப் பாருங்கள், அது கீழ்நோக்கித் திரும்பும் நொடியில் அவன் பக்கமாகவே, பின்னால் இல்லாமல், உருளுங்கள். ஐந்தாவது தடவையில் அந்தத் தடி இறங்கும் நேரம் உங்களுக்குக் காதில் தாளம் மாதிரி கேட்க ஆரம்பிக்கும். ஆறாவது தடவை, அந்தத் தாளத்துக்குப் பிறகு ஒரே ஒரு வெட்டு. இரண்டாவதற்கு நேரம் இருப்பது போலத் தோன்றும். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.